எங்க வீட்டு லேத்தும் ஓர் எல்லைக் கோடும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் பேரவைச் செயலாளர் ஹாஸ்டல் ரூமுக்கு வந்தபோது, "நாடுகளுக்கு இடையில ஏன் சண்டை வருதுன்னு எழுதப் போறேன்" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மாப்ள, உனக்கும் தெர்மல் பேப்பருக்கும் ரெண்டு செமஸ்டரா சண்டை. முதல்ல அதைத் தீர்த்துட்டு வா. ஈராக், ஈரான் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றான். ரூமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அரியர் உள்ளவன் வேறு என்ன செய்வான்?

ஆனால் கேள்வி நியாயமானதுதான். சர்வதேச அரசியல் எல்லாம் டெல்லியில் எம்.ஏ. படிக்கிறவர்களுக்கும் கலெக்டர் பரீட்சை எழுதுகிறவர்களுக்கும் உரியது. டிப்ளமோக்காரனுக்கு லேத்தும் டிராயிங் போர்டும் போதும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன், எங்க வீட்டு லேத்தின் கதையை முழுசாகக் கேட்கும் வரைக்கும்.

ஒரு லேத்தின் கதை

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே ஓர் ஆறடி லேத் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே அதன் டெயில் ஸ்டாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். என்னைப் படிக்க வைத்ததும், அக்காவைக் கட்டிக் கொடுத்ததும் அந்த லேத்தான். அதை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் நான் கேட்டதில்லை. போன வருடம் தீபாவளி லீவில் கேட்டேன். "அது சதாம் உசேன் கொடுத்த காசுடா" என்றார் அப்பா. கிண்டல் என்று நினைத்தேன். கிண்டல் இல்லை.

அப்பா 1988ல் குவைத்துக்கு ஃபிட்டராகப் போனவர். வயது இருபத்திரண்டு. 1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை விடியற்காலை, தூரத்தில் இடி மாதிரி சத்தம். "ஆகஸ்ட் மாசம் குவைத்துல ஏது இடி?" என்று எழுந்து ஜன்னலைத் திறந்தவர்களுக்கு அன்று பொழுது விடிந்தபோது தெரிந்தது, அந்த நாடே பக்கத்து நாட்டின் கைக்குப் போய்விட்டது என்று. ஆகஸ்ட் 8ஆம் தேதி ஈராக் குவைத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டதாக அறிவித்தது. மாதக் கடைசியில் அது ஈராக்கின் பத்தொன்பதாவது மாகாணம் ஆனது.

அப்பாவுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. பாஸ்போர்ட் கம்பெனி முதலாளியிடம். அவரோ எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. தூதரகத்தில் வரிசையில் நின்று ஒரு தாளை வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் பஸ்ரா, பாக்தாத், அங்கிருந்து ஜோர்டான் எல்லை. அங்கே பாலைவனத்தில் கூடாரத்துக்குள் பதினோரு நாள். "பகல்ல அடுப்பு, ராத்திரி ஃப்ரிட்ஜு. ஒரு பாட்டில் தண்ணிக்கு நாலு பேரு" என்பார். பிறகு அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய், பம்பாயிலிருந்து ரயிலில் ஊர். போகும்போது ஒரு பெட்டி நிறைய டூல்ஸ் வாங்கி வைத்திருந்தவர், வரும்போது ஒரு ஜோல்னாப் பையோடு வந்து இறங்கினார்.

அந்த இரண்டு மாதத்தில் இந்திய அரசு விமானம் விமானமாக அழைத்து வந்தவர்கள் சுமார் 1,70,000 பேர். அதில் ஒருவர் என் அப்பா. அவ்வளவுதான். ஆனால் அந்த ஒருவர் வராமல் போயிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இல்லை.

"எல்லாம் அந்தாளோட பேராசை"

"ஏன்பா ஈராக் குவைத் மேல படையெடுத்துச்சு?" என்று கேட்டேன். "எல்லாம் அந்தாளோட பேராசை. வேற என்ன?" என்றார். முப்பது வருடத்துக்கும் மேலாக அவர் அந்த ஒரு வரியோடு நிம்மதியாக இருக்கிறார். எனக்குத்தான் நிம்மதி போய்விட்டது. மாவட்ட மைய நூலகத்தில் போட்டித் தேர்வுப் புத்தகங்களுக்கு நடுவே தேட ஆரம்பித்தேன்.

நண்பர்களே, ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஷாஃப்ட் ஒடிந்தால் நாம் என்ன செய்கிறோம்? "ஆப்பரேட்டர் சரியில்லை" என்று எழுதிவிட்டு மூடுகிறோமா? அப்படி எழுதினால் வைவாவில் நம்மைத் துவைத்துவிடுவார்கள். ஆப்பரேட்டர் என்ன செய்தான், மெஷினில் என்ன கோளாறு, அந்த ஷாப் எப்படி நடக்கிறது, சூப்பர்வைசர் உண்டா, சேஃப்டி வால்வு உண்டா என்று மூன்று மட்டத்திலும் பார்க்க வேண்டும். ஆச்சரியம் என்னவென்றால், கென்னத் வால்ட்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1959ல் வெளியிட்ட நூலில் போருக்கான காரணங்களை ஏறக்குறைய இப்படித்தான் பிரித்தார்: மனிதன், அரசு, அரசுகள் எல்லாம் சேர்ந்து வாழும் அமைப்பு. சர்வதேச உறவுகள் படிக்கிறவர்கள் இன்றும் இந்த மூன்று படிக்கட்டில்தான் தொடங்குகிறார்கள். நம்ம ஃபெயிலியர் அனாலிசிஸ்தான். மெஷினுக்குப் பதில் நாடு!

குவைத்தை இந்த மூன்றிலும் வைத்துப் பார்ப்போம்.

முதல் மட்டம்: ஆப்பரேட்டர்

சதாம் உசேன் போட்ட கணக்கு தப்பு. அப்பா சொன்ன பேராசை பொய்யில்லை. ஆனால் தப்புக் கணக்கு அவர் ஒருவர் போட்டது மட்டும் இல்லை. 1990 ஜூலையில் ஈராக் தன் படைகளை எல்லையில் கொண்டுவந்து குவித்தது. கடைசியில் சுமார் ஒரு லட்சம் பேர். குவைத்தும் மற்ற அரபுத் தலைவர்களில் பெரும்பாலோரும் "இது மிரட்டல், பேரம் பேசத்தான்" என்று நினைத்தார்கள். ஜூலை 25ஆம் தேதி பாக்தாத்தில் சதாமைச் சந்தித்த அமெரிக்கத் தூதர், அரபு நாடுகளின் எல்லைத் தகராறுகளில் அமெரிக்காவுக்குக் கருத்து இல்லை என்ற பொருள்படப் பேசினார். அமைதியாகத் தீர்த்துக்கொள்ளவும் சொன்னார். சதாமின் காதில் முதல் பாதி மட்டும் விழுந்ததா, அல்லது அவர் முன்பே முடிவு செய்துவிட்டாரா என்று இன்றைக்கும் விவாதிக்கிறார்கள். ஆனால் ஒன்று தெரிகிறது. போர் எப்போதும் வெறியில் மட்டும் வருவதில்லை. "அவன் அடிக்க மாட்டான்" என்று ஒருவனும், "அவன் தடுக்க மாட்டான்" என்று இன்னொருவனும் நினைக்கும் இடத்திலும் வரும்.

இரண்டாம் மட்டம்: மெஷின்

ஈராக் என்ற மெஷின் அப்போது எந்த நிலையில் இருந்தது? 1980லிருந்து 1988 வரை ஈரானோடு எட்டு வருடப் போர். முடிந்தபோது கையில் வெற்றியும் இல்லை, காசும் இல்லை. குவைத்துக்கு மட்டும் சுமார் 1,400 கோடி டாலர் கடன். "உங்களுக்கும் சேர்த்துத்தான் ஈரானோடு சண்டை போட்டோம், கடனைத் தள்ளுபடி செய்யுங்கள்" என்றது ஈராக். குவைத் மறுத்தது.

ஈராக்கின் ஒரே வருமானம் எண்ணெய். ஒபெக் அமைப்பு ஒவ்வொரு நாடும் இவ்வளவுதான் எடுக்க வேண்டும் என்று அளவு வைத்திருந்தது. குவைத்தும் ஐக்கிய அரபு அமீரகமும் அந்த அளவைத் தாண்டி எடுத்தன. சந்தையில் சரக்கு கூடினால் விலை இறங்கும், நம்ம தக்காளி மாதிரிதான். பீப்பாய்க்கு ஒரு டாலர் இறங்கினால் தனக்கு வருடத்துக்கு 100 கோடி டாலர் நஷ்டம் என்று கணக்குக் காட்டியது ஈராக். போர் முடிந்தும் கலையாத பெரும் படை, வேலை இல்லாத இளைஞர்கள், கடன்காரர்கள், இறங்கும் விலை. கேள்வி கேட்க ஒரு பாராளுமன்றமோ பத்திரிகையோ கிடையாது. அழுத்தம் ஏறிக்கொண்டே போகிற பாய்லர். ஆனால் கேஜைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. சொன்னவன் உயிரோடு இருக்க மாட்டான்.

மூன்றாம் மட்டம்: ஷாப் ஃப்ளோர்

நம்ம தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் நம் இடத்தில் அரையடி தள்ளிச் சுவர் வைத்தால் என்ன செய்வோம்? முதலில் வாய்ச் சண்டை. பிறகு வி.ஏ.ஓ., சர்வேயர், போலீஸ் ஸ்டேஷன், கோர்ட். நமக்கு மேலே யாரோ ஒருவர் இருக்கிறார். தீர்ப்பு சரியோ தப்போ, கடைசியில் ஒரு போலீஸ்காரர் வந்து நிற்பார் என்ற பயம் இருக்கிறது.

நாடுகளுக்கு மேலே அப்படி யாரும் இல்லை. ஐ.நா. பாதுகாப்பு சபை இருக்கிறது. ஆனால் அதில் ஐந்து நாடுகளுக்கு வீட்டோ. அந்த ஐந்தில் ஒன்று கை தூக்கினால் எல்லாம் நின்றுபோகும். சூப்பர்வைசர் இல்லாத ஷாப்பில் ஒவ்வொருவனும் தன் பாதுகாப்புக்குத் தானே ஒரு இரும்புக் கம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வான். அவன் கம்பியைப் பார்த்து இவன் இன்னும் பெரிய கம்பி தேடுவான். இரண்டு பேருக்குமே அடிக்கும் எண்ணம் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அந்த ஷாப்பில் ஒரு நாள் அடிதடி நடக்கும்.

சிவில் நண்பர்களுக்கு ஒரு கணக்கு

இப்போது சிவில் பிரிவு நண்பர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஈராக்குக்கும் குவைத்துக்கும் நடுவே எல்லை எங்கே? 1923லும் பிறகு 1932லும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள்தான் ஆதாரம். அதில் எல்லை எப்படிச் சொல்லப்பட்டது தெரியுமா? பாத்தின் என்ற பள்ளத்தாக்கு வழியாக வடக்கே போய், சஃப்வான் என்ற ஊரின் அட்சரேகைக்குச் 'சற்றுத் தெற்கே' ஓர் இடம், அங்கிருந்து கிழக்கே!

சற்று என்றால் எத்தனை மீட்டர்? சர்வே லேபில் ஃபீல்டு புக்கில் "சற்றுத் தெற்கே ஒரு முளை அடித்தோம்" என்று எழுதிக் கொடுத்தால் நமக்கு என்ன மார்க் விழும்? ஆனால் இரண்டு நாடுகள் அறுபது வருடம் அந்தச் 'சற்று' மேலேயே குடித்தனம் நடத்தின. 1961ல் குவைத் சுதந்திரம் அடைந்த சில நாளிலேயே, "குவைத் முழுவதுமே எங்களுடையது" என்றது ஈராக். 1963ல் அடுத்து வந்த ஈராக் அரசு குவைத்தை அங்கீகரித்தது. அப்போதும் கோட்டைத் தரையில் யாரும் அளந்து நடவில்லை.

வெறும் மணல் என்றால் யாருக்கு என்ன கவலை? ஆனால் அந்த மணலுக்குக் கீழே ருமைலா என்ற பெரிய எண்ணெய் வயல். பெரும்பகுதி ஈராக்கில், தெற்கு வால் மட்டும் குவைத்துக்குள். குவைத் சாய்வாகத் துளை போட்டுத் தன் எண்ணெயைத் திருடுகிறது, 240 கோடி டாலர் மதிப்புள்ள எண்ணெய் போய்விட்டது என்று ஈராக் குற்றம் சாட்டியது. குவைத் மறுத்தது. சாய்வுத் துளையே தேவையில்லை, நண்பர்களே. நம்ம ஊரில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் எண்ணூறு அடி போர் போட்டால் நம்ம கிணறு வற்றுகிறதே, அவர் என்ன நம்ம கிணற்றுக்குள் பைப்பா விட்டார்? பூமிக்குக் கீழே உள்ளதற்கு வேலி கிடையாது. யார் வேகமாக உறிஞ்சுகிறாரோ அவர் பக்கம் அது நகரும்.

போதாததற்கு ஈராக்கின் கடற்கரை அறுபது கிலோமீட்டருக்கும் குறைவு. அதன் உம் கஸ்ர் துறைமுகத்துக்குப் போகும் வழியை ஒட்டி வார்பா, புபியான் என்ற குவைத் தீவுகள். இவ்வளவும் சேர்ந்ததுதான் 1990.

அப்படியென்றால் சண்டை தவிர்க்க முடியாததா?

இங்கேதான் நான் கொஞ்ச நாள் குழம்பிப் போனேன். எல்லை தெளிவில்லை, கீழே எண்ணெய், மேலே சூப்பர்வைசர் இல்லை. அப்படியென்றால் போர் வந்தே தீர வேண்டியதுதானே? அப்போதுதான் வரைபடத்தில் குவைத்தின் தெற்குப் பக்கத்தைப் பார்த்தேன்.

குவைத்துக்கும் சவூதி அரேபியாவுக்கும் நடுவே 1922ல் கோடு போட முடியாமல் ஒரு பெரிய நிலப்பரப்பை 'நடுநிலைப் பகுதி' என்று விட்டுவிட்டார்கள். இரண்டு பேருக்கும் பொது. பிறகு அங்கேயும் எண்ணெய் கிடைத்தது! அதே பாலைவனம், அதே எண்ணெய், அதே மாதிரி தெளிவில்லாத எல்லை. என்ன நடந்தது? பீரங்கி வரவில்லை. 1965ல் ஒப்பந்தம் போட்டு நிலத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எண்ணெயை மட்டும் பிரிக்கவில்லை. எந்தப் பக்கம் எடுத்தாலும் வருமானம் சரிபாதி.

அங்கே தகராறே வரவில்லை என்று நினைக்காதீர்கள். 2014, 2015ல் வந்த கருத்து வேறுபாட்டில் அந்த வயல்களில் எண்ணெய் எடுப்பதே நின்றுபோனது. பல வருடம் இரண்டு பேருக்கும் நஷ்டம். 2019 டிசம்பரில் பேசி முடித்து மறுபடி தொடங்கினார்கள். தகராறு வந்தது, போர் வரவில்லை.

வடக்கே போர், தெற்கே பங்கு. ஏன்? நான் புரிந்துகொண்டது இதுதான். தெற்கே இரண்டு பக்கத்திலும் பசி இல்லை. கடன்காரன் கதவைத் தட்டவில்லை. முக்கியமாக, சண்டை வருவதற்கு முன்பே 'வந்தால் என்ன செய்வது' என்று எழுதி வைத்திருந்தார்கள். வடக்கே எழுதி வைத்தது 'சற்றுத் தெற்கே' என்பது மட்டும்தான். பிரச்சினை எல்லா இடத்திலும் வரும். பிரஷர் ஏறாத பாய்லர் கிடையாது. வால்வு இருக்கிறதா என்பதே கேள்வி. சர்வதேச உறவுகள் என்ற படிப்பை என்னைக் கேட்டால், வால்வு செய்கிற படிப்பு என்பேன்.

ஒரு மறுப்பு

இந்த இடத்தில் நண்பன் ஒருவன் சண்டைக்கு வந்தான். "அப்போ சதாம் மேல தப்பே இல்லைங்கிறியா? கடன், எல்லை, ஒபெக்னு காரணம் சொல்லியே அவரை விட்டுடுவியா?" என்றான். நல்ல கேள்வி.

காரணம் வேறு, குற்றம் வேறு. கடன் இருந்தால் திருடலாம் என்று யாரும் சொல்ல மாட்டோம். ஈராக்குக்கு நியாயமான குறைகளும் இருந்தன, இல்லாத குறைகளும் இருந்தன. எதற்கும் ஒரு சின்ன நாட்டை விழுங்குவது பதில் இல்லை. ஆப்பரேட்டர் குடித்துவிட்டு மெஷினை ஓட்டினால் அவனைத் தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் தண்டித்ததோடு நிறுத்திவிட்டு, தேய்ந்துபோன கியரை அப்படியே விட்டால், அடுத்து வருகிற நல்ல ஆப்பரேட்டரின் விரலும் போகும். குற்றவாளியைத் தேடுவது நேற்றுக்காக. காரணத்தைத் தேடுவது நாளைக்காக. இரண்டும் வேண்டும்.

உலகமும் அப்போது இரண்டையும் செய்தது என்றே சொல்ல வேண்டும். 1991 ஜனவரி 17ல் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்த கூட்டணி போரைத் தொடங்கியது. பிப்ரவரி 28ல் முடிந்தது. பின்வாங்கிய ஈராக் படை 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தது. கடைசிக் கிணற்றை அணைக்க நவம்பர் ஆனது. அதன்பிறகு ஐ.நா. ஒரு குழுவை அமைத்து, அந்த எல்லையை அளந்து, தூண் நட்டு, ஆயத்தொலைகளோடு 1993ல் உறுதி செய்தது. 1994ல் ஈராக்கும் ஏற்றுக்கொண்டது. அறுபது வருடச் 'சற்று' ஒருவழியாக மீட்டர் கணக்குக்கு வந்தது. இதை 1932லேயே செய்திருந்தால் போர் வந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் போருக்கு ஒரு சாக்குக் குறைந்திருக்கும்.

அந்தக் காசு யாருடையது?

இப்போது லேத்துக்கு வருகிறேன்.

குவைத்தை விட்டு ஓடி வந்தவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க ஐ.நா. 1991ல் ஜெனீவாவில் ஓர் ஆணையம் அமைத்தது. தனி ஆளுக்கு 4,000 டாலர். வேறு இனங்களிலும் இழப்பைக் கோரியவருக்கு 2,500. அப்பாவும் படிவம் நிரப்பிக் கொடுத்தார். "வரவா போகுது" என்று மறந்தும் போனார். தொண்ணூறுகளின் கடைசியில் இரண்டு தவணையாக 4,000 டாலர் வந்தது. அந்தப் பணம்தான் எங்க வீட்டு லேத். உலகம் முழுக்க சுமார் 15 லட்சம் பேருக்கும் நிறுவனங்களுக்கும் அரசுகளுக்குமாக 5,240 கோடி டாலர். கடைசித் தவணையை ஈராக் 2022 ஜனவரியில்தான் கட்டி முடித்தது.

"சதாம் கொடுத்த காசு" என்கிறார் அப்பா. ஆனால் அது சதாமின் காசு இல்லை. பொருளாதாரத் தடையில் இருந்த ஈராக், உணவும் மருந்தும் வாங்குவதற்காக 1996 டிசம்பரில் மறுபடி எண்ணெய் விற்க அனுமதிக்கப்பட்டது. அப்படி விற்ற ஒவ்வொரு நூறு டாலரிலும் முப்பது டாலர் இந்த நஷ்டஈட்டுக்குப் பிடிக்கப்பட்டது. பாக்தாத்தில் மாளிகை கட்டியவர் பட்டினி கிடக்கவில்லை. படையெடுப்புக்கு ஓட்டுப் போடாத, கேட்கப்படாத ஒரு ஃபிட்டரின் வீட்டில்தான் ரொட்டி குறைந்தது. என் வயதில் ஒரு பையன் அந்த வீட்டிலும் இருந்திருப்பான்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. ஷக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "எனக்கு மூணு மாசச் சம்பளம் போச்சுடா. நான் கேட்டது தப்பா?" என்றார். தப்பில்லை. அவருக்கு நஷ்டஈடு நியாயம். அந்த ஈராக் வீட்டுக்கு அது அநியாயம். இரண்டும் ஒரே காசில் இருக்கிறது. போர் என்றால் இதுதான் என்று எனக்கு அன்று ராத்திரிதான் புரிந்தது.

நமக்கு என்ன?

"அது அவங்க ஊர் சண்டை" என்று சொல்லாதீர்கள். அந்தச் சண்டையில் எண்ணெய் விலை ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் இரண்டு மடங்கானது. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த நம் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்து, 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அடமானமாக அனுப்பியது. வீட்டில் தாலிச் செயினை அடகு வைப்பது போல! 1932ல் யாரோ அளக்காமல் விட்ட ஒரு கோட்டுக்கு, நம்ம வீட்டு மண்ணெண்ணெய் வரை பங்கு உண்டு.

இதே வகுப்பில் பாதிப் பேர் வளைகுடா வேலைக்கு ஆசைப்படுகிறவர்கள். நானும்தான். மறைப்பானேன்? 2025 ஜூனில் கத்தாரில் உள்ள அமெரிக்கத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசிய அந்த ராத்திரி, வளைகுடா வான்வழிகள் சில மணி நேரம் மூடப்பட்டன. எங்கள் சீனியர் ஒருவர் அங்கேதான் ஏ.சி. மெக்கானிக். அவர் அம்மா விடியும் வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவின் கதை முடிந்துபோன கதை இல்லை.

எனவே மூன்று யோசனைகள். ஒன்று: நம்ம ஹாஸ்டல் காமன் ரூம் சுவரில் சினிமா போஸ்டருக்குப் பக்கத்திலாவது ஓர் உலக வரைபடம் ஒட்டுவோம். செலவு மாணவர் பேரவையுடையது, செயலாளர் கவனிக்க! இரண்டு: வாரம் ஒரு மணி நேரம். பேப்பரில் வருகிற ஒரு சண்டையை எடுத்து, ஆப்பரேட்டர், மெஷின், ஷாப் என்று மூன்று மட்டத்திலும் அலசுவோம். "யாரு ஜெயிப்பாங்க" என்று கிரிக்கெட் மாதிரிப் பேசாமல், "வால்வு எங்கே?" என்று கேட்போம். மூன்று: வெளிநாடு போகிறவர்கள், போகும் முன் அந்த நாட்டின் அண்டை வீட்டுக்காரர் யார், அவர்களுக்குள் என்ன பாக்கி என்று தெரிந்துகொண்டு போகட்டும். பாஸ்போர்ட் நகலும் வேலை ஒப்பந்த நகலும் வீட்டில் ஒரு செட் இருக்கட்டும். போய் இறங்கியதும் தூதரகத்தில் பெயரைப் பதியட்டும். பத்தாவது முடித்த நமக்குப் பெரும்பாலும் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. சந்தோஷம்தான், ஆனால் நம் ஒப்பந்தத்தை நம்மைத் தவிர வேறு யாரும் படித்துப் பார்க்கப் போவதும் இல்லை என்று அர்த்தம்.

நண்பர்களே, போரை நிறுத்துகிற சக்தி டிப்ளமோக்காரனுக்கு இல்லை என்று தெரியும். ஆனால் எல்லையை அளக்கப் போகிறவன் நம்ம சிவில்காரன். குழாய் போடப் போகிறவன் நம்ம மெக்கானிக்கல்காரன். இரண்டு நாட்டுக்கு நடுவே கம்பி இழுக்கப் போகிறவன் நம்ம எலக்ட்ரிக்கல்காரன். ஃபீல்டு புக்கில் 'சற்றுத் தெற்கே' என்று எழுதாமல் இருப்பதாவது நம் கையில் இருக்கிறது.

லீவுக்குப் போனால் இப்போதும் அந்த லேத்தில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு தடவை ஸ்விட்ச் போடும்போதும், எங்கோ பாக்தாத்தில் இருக்கும் அந்த ஃபிட்டர் நினைவுக்கு வருகிறார். அவருக்கும் எங்க அப்பாவுக்கும் எந்தச் சண்டையும் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்ததும் இல்லை. ஒரே தொழில், ஒரே அளவு ஸ்பேனர். அவர்கள் இரண்டு பேரையும் மோத வைத்தது எது என்று தெரிந்துகொள்ளத்தான் படிக்கச் சொல்கிறேன்.

தெர்மல் அரியரை இந்த செமஸ்டரில் நிச்சயம் முடித்துவிடுவேன். செயலாளர் நம்பவும்!

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு